டைம்டேபிளும் வாசப்படி இலைங்களும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ரெண்டு வருஷமா நீங்க எழுதறத படிச்சிட்டு வரேன், எழுதறது இதான் முதல் தடவ. எனக்கு மூணு பசங்க, பெரியவனுக்கு 7, நடுவுல உள்ளவளுக்கு 5, கடைக்குட்டிக்கு இன்னும் 2 முடியல. ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே சொல்லிக் குடுக்கறோம், இது மூணாவது வருஷம். ஆகஸ்ட்ல ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒரு டைம்டேபிள் போட்டேன், காலைல 9 மணிலேர்ந்து 12 வரைக்கும் அரை மணிக்கு ஒரு பாடம், மதியம் கிராஃப்ட், அப்புறம் வெளில போறதுன்னு எல்லாம் கலர் கலரா பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் மேல ஒட்டினேன். செப்டம்பர் எப்படியோ ஓடிச்சு. அக்டோபர்ல சளி ஆரம்பிச்சது, ஒருத்தர் விட்டா ஒருத்தர்னு மூணு வாரம் போச்சு. இப்ப நவம்பர், அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடுது, வெளில போற நேரம்னு போட்டு வச்சது பூரா இருட்டுல போய் விழுது, பசங்க வீட்டுக்குள்ளயே குதிச்சு ஒருத்தர ஒருத்தர் இடிச்சிக்கறாங்க, கடைக்குட்டி கணக்கு புக்க கிழிச்சிட்டா, வாசல்ல எப்பப் பாத்தாலும் சேத்து ஷூவும் ஈரக் கோட்டும் தான்.

நேத்து காலைல பெரியவன் வாசப்படில உக்காந்து பொறுக்கிட்டு வந்த இலையெல்லாம் வகை வகையா பிரிச்சிட்டு இருந்தான், நாப்பது நிமிஷம் இருக்கும். ஆறு குவியல், ஒரே ஒரு இலைய மட்டும் மடில வச்சிருந்தான், கேட்டா "இது எதுலயும் சேரலம்மா"ன்னான். ஹேண்ட்ரைட்டிங் நேரம் தாண்டிப் போச்சேன்னு நான் உள்ள கூப்பிட்டுட்டேன். வந்தான், மூணு வரி எழுதறதுக்குள்ள அழுகை, அவன பாத்து எனக்கும் அழுகை. என்னால இது முடியலையோன்னு இருக்கு. ஜனவரில மூணு பேருல ரெண்டு பேரையாவது ஸ்கூல்ல சேத்துடட்டுமா அக்கா? மனசுல பட்டத சொல்லுங்க.

பேர் வேண்டாம், ஒரு தங்கச்சின்னு போட்டுக்கோங்க.

---

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன்ம்மா. நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன அந்த வாசப்படி இலை தான் எனக்கு கடிதத்துலயே பெரிய விஷயமா பட்டுச்சு, அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

ஏழு வயசுப் பையன் யாரும் சொல்லாம நாப்பது நிமிஷம் ஒரே வேலைல உக்காந்திருக்கான். ஆறு குவியல்னா அவன் மனசுல ஆறு விதி ஓடியிருக்கு, நுனி ரம்பம் மாதிரி இருக்கறது, கை விரல் மாதிரி பிரிஞ்சது, ஓரம் வழவழன்னு இருக்கறதுன்னு எதையோ வச்சு பிரிச்சிருக்கான், என்னன்னு அவனுக்குத்தான் தெரியும். அதோட நிக்காம, தன் விதிக்குள்ள அடங்காத ஒண்ண பிடிச்சு, அத ஏதோ ஒரு குவியல்ல தள்ளி விடாம மடில தனியா வச்சிருக்கான் பாருங்க, செடி கொடிய படிக்கறவங்க செய்யற வேலையே அதான்.

மரியா மாண்டிசோரிய பத்தி நீங்க கண்டிப்பா படிச்சிருப்பீங்க, ரோம்ல 1907-ல 'குழந்தைகள் வீடு'ன்னு சின்னப் பிள்ளைங்களுக்கான பள்ளிய தொடங்கின டாக்டர். அவங்க எழுதி வச்ச ஒரு சம்பவம் இருக்கு, ஒரு மூணு வயசுக் குழந்தை மரக்கட்டையில இருக்கற குழிங்கள்ல அளவு பாத்து உருளைகள போட்டு எடுத்துட்டு இருக்கு, மாண்டிசோரி எண்ண ஆரம்பிக்கறாங்க, நடுவுல மத்த பிள்ளைங்கள பாட விடறாங்க, அந்தக் குழந்தைய நாற்காலியோட தூக்கி மேஜை மேல வைக்கறாங்க, அது உருளைங்கள மடில இறுக்கிப் பிடிச்சிட்டு திரும்ப ஆரம்பிச்சிடுது, நாப்பது தடவைக்கு மேல செஞ்சிட்டு தானா நிறுத்தி தூங்கி எழுந்த மாதிரி சந்தோஷமா சுத்திப் பாத்துச்சாம். உங்க பையன் வாசப்படில இருந்ததும் அந்த நிலைமைதான். அத பாதில கலைச்சு எழுப்பினா அடுத்து எது குடுத்தாலும் அழுகைதான் வரும், அது ஹேண்ட்ரைட்டிங் மேல உள்ள வெறுப்பு கூட கெடையாது.

ஆனா ஒண்ணு, இதுக்காக எழுத்தும் கணக்கும் வேண்டாம், இஷ்டத்துக்கு விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். படிக்கறதும் கூட்டறதும் தெனம் கொஞ்சம் கை படாம வராது, எல்லாம் தானா வந்துடும்னு விட்டுட்டு பத்து வயசுல தவிச்ச குடும்பங்கள நான் பாத்திருக்கேன். இங்கிலாந்துல சார்லட் மேசன்னு ஒரு அம்மா இருந்தாங்க (1842–1923), வீட்ல பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறவங்க இன்னிக்கும் அவங்க முறைய பிடிச்சிட்டுப் போறாங்க. அவங்க கணக்குல சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் 20 நிமிஷத்த தாண்டக் கூடாது, 6 வயசு வரைக்கும் முறைப்படி உக்கார வச்சு பாடமே கெடையாது, அந்த நேரமெல்லாம் வெளில இருக்கணும். ஒருத்தர் கலைக்காதீங்கங்கறார், இன்னொருத்தர் சீக்கிரம் முடிங்கங்கறார், ரெண்டும் இடிக்குதேன்னு நான் ரொம்ப நாள் குழம்பினேன். அப்புறம் தான் புரிஞ்சது, நாம எடுத்து வைக்கற பாடம் சின்னதா இருக்கணும், அவங்களா கையில எடுத்த வேலைக்கு நேரம் அளக்கக் கூடாது. உங்க டைம்டேபிள்ல இது தலகீழா இருக்கு, உங்க பாடம் அரை அரை மணியா ஆறு, அவனோட வேலைக்கு கட்டமே இல்ல. ஏழு வயசுக்கு எழுத்து 10 நிமிஷம், கணக்கு 15 நிமிஷம், அவன் உங்களுக்கு வாசிச்சுக் காட்டறது 15 நிமிஷம், போதும்மா, நெஜமாவே போதும். அஞ்சு வயசுக்காரிக்கு அவ கேட்டா மட்டும் குடுங்க.

அடுத்தது இந்த இருட்டு. செப்டம்பர் 22-லயோ 23-லயோ பகலும் ராத்திரியும் ஏறக்குறைய சமமா வரும், அந்த சமயத்துல தான் பகல் படு வேகமா சுருங்கும், வடக்குல 50 டிகிரி அட்சரேகைப் பக்கம் இருக்கறவங்களுக்கு வாரத்துக்கு கிட்டத்தட்ட 25 நிமிஷம் போயிடும். ஆகஸ்ட் வெளிச்சத்துல உக்காந்து போட்ட டைம்டேபிள் நவம்பருக்கு எப்படி பொருந்தும் சொல்லுங்க, இதுல உங்க தப்பு என்ன இருக்கு. அந்த பேப்பர கழட்டிட்டு ஒண்ணே ஒண்ண மாத்திப் பாருங்க, வெளிச்சம் இருக்கற காலை நேரம் வெளிக்கு, இருட்டின பிறகு மேஜைக்கு. காலைல எழுந்து சாப்பிட்டதும் கோட்ட மாட்டிக் கெளம்பிடுங்க, மழை தூறினாலும் சரி. உங்க குட்டிக்கு கோட்டு போடவே 20 நிமிஷம் ஆகும்னு எனக்கு தெரியும், அந்த ஜிப்ப அவளே இழுக்கட்டும், அவ வயசுக்கு அன்னிக்கு பாடம் அதான், அண்ணன் அக்கா உதவட்டும். வாசல்ல ஒரு பெரிய டப் போட்டு ஷூ கோட்டு எல்லாம் அதுக்குள்ளயே, துவைக்கறத ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பாத்துக்கலாம், மறுபடி நாளைக்கும் சேறாகத்தானே போகுது. கீழ கெடக்கற கொட்டை காய மட்டும் குட்டி வாய்ல போடாம ஒரு கண்ணு இருக்கட்டும்.

வெளில போனா என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு யோசிக்கவே வேண்டாம், மரமே போதும். இலை உதிர்ந்த ஒரு கிளைய இழுத்துப் பிடிச்சு பையன்கிட்ட லென்ஸ குடுங்க. காம்பு ஒட்டியிருந்த இடத்துல ஒரு தழும்பு இருக்கும், அதுக்குள்ள பொட்டு பொட்டா சின்னப் புள்ளிங்க, தண்ணி போன குழாயெல்லாம் அறுந்த எடம் அது. காம்பும் கிளையும் சேர்ற எடத்துல மரமே ஒரு மெல்லிய அடுக்க வளத்து இலைய கழட்டி விடுது, காயத்த தக்கை மாதிரி ஒண்ண வச்சு மூடிக்குது. அந்தத் தழும்புக்கு நேர் மேல பாக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷத்து மொட்டு இறுக்கமா மூடிக்கிட்டு இப்பவே உக்காந்திருக்கும், கோடைலயே வந்தாச்சு, இலை மறைச்சிருந்ததால நம்ம கண்ணுல படல. முதல் தடவ அத பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, வளந்த மனுஷி நான், எனக்கு யாருமே சொல்லிக் குடுத்ததில்ல.

நிறமும் அப்படித்தான். மஞ்சள் புதுசா வரல, கேரட்ல இருக்கற அதே வகை நிறம் இலைல கோடை பூரா இருந்துச்சு, பச்சையம் மேல மூடியிருந்தது, பகல் குறைஞ்சு குளிர் வந்ததும் மரம் பச்சையம் செய்யறத நிறுத்திடுது, மஞ்சள் வெளில தெரியுது. செவப்பு மட்டும் பெரும்பாலும் இப்ப புதுசா உண்டாகறது, இலைக்குள்ள மாட்டிக்கிட்ட சர்க்கரைலேர்ந்து. நல்ல வெயில் பகலும் குளிர்ந்த ராத்திரியும் சேந்து வந்தா செவப்பு தூக்கும். இத சாயங்காலம் மேஜைல காட்டலாம், இன்னும் பச்சையா இருக்கற இலை நாலஞ்ச பொடிப் பொடியா கிழிச்சு கண்ணாடி டம்ளர்ல போட்டு மூழ்கற அளவு ஸ்பிரிட் ஊத்தி, அந்த டம்ளர சுடுதண்ணிக் கிண்ணத்துல வைங்க (அடுப்புல வேண்டவே வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ஊத்தறது நீங்க மட்டும், ஜன்னல் திறந்திருக்கணும்). ஸ்பிரிட் பச்சையானதும் காபி ஃபில்டர் பேப்பர்ல ஒரு பட்டை வெட்டி நுனி மட்டும் நனையற மாதிரி தொங்க விட்டா ஒரு மணி நேரத்துல பச்சை ஒரு பட்டையா மஞ்சள் ஒரு பட்டையா பிரிஞ்சு நிக்கும். இதுக்கு குரோமட்டோகிராஃபின்னு 1906-ல பேர் வச்சவர் மிக்காயில் த்ஸ்வெட்னு ஒரு ரஷ்யத் தாவரவியலாளர், அவரும் இலை நிறத்த தான் பிரிச்சார், அவர் பேருக்கே ரஷ்ய மொழில நிறம்னு தான் அர்த்தம், பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க எப்படி சிரிக்கறாங்கன்னு.

இங்க ஒண்ண மனசு விட்டு சொல்லணும். என் பெரியவ ஆறு வயசுல இப்படித்தான் இலை சேத்தா. நான் ஆசைல ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுது, எங்க எடுத்த எழுது, ஒட்டுன்னு பத்து பக்கத்துக்கு ஒர்க்‌ஷீட் அடிச்சுக் குடுத்துட்டேன். ரெண்டு பக்கம் செஞ்சா, அந்த வருஷம் அதுக்கப்புறம் ஒரு இலைய கூட அவ குனிஞ்சு எடுக்கல. இப்ப அவளுக்கு 15, இன்னும் அது எனக்கு உறுத்திட்டே இருக்கு. அதனால மேல நான் சொன்னதெல்லாம் கேட்டா காட்டுங்க, வாரத்துக்கு ஒண்ணு போதும்.

இருட்டு சீக்கிரம் வர்றதுல பிள்ளைங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. கோடைல நட்சத்திரம் வர்றதுக்குள்ள இதுங்க தூங்கிடும், இப்ப தான் படுக்கறதுக்கு முன்னாடி வானம் கெடைக்கும். நவம்பர் சாயங்காலம் கிழக்குப் பக்கம் பாத்தா கார்த்திகைக் கூட்டம் கொத்தா ஏறி வரும், எத்தன எண்ண முடியுதுன்னு கேளுங்க, எல்லாருக்கும் ஆறு தெரியறதில்ல. பத்து நிமிஷம் வெளில நின்னு நிலாவ ஒரு சின்ன வட்டத்துல வரைஞ்சு தேதி போடட்டும், அஞ்சு வயசுக்காரி கூட செய்வா. ஏன் குளிருதுன்னு கேட்டா சூரியன் தூரம் போயிடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றதே ஜனவரி முதல் வாரத்துல தான். பூமி 23.4 டிகிரி சாஞ்சிருக்கறது தான் காரணம், ஒரு பந்தும் டார்ச்சும் இருந்தா இருட்டு ரூம்ல காட்டிடலாம்.

சளி வந்த மூணு வாரத்த வீணாப்போச்சுன்னு எழுதியிருக்கீங்கன்னு வரிகளுக்கு நடுவுல படிச்சேன். சின்னப் பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு 6, 8 தடவ சளி பிடிக்கறது சாதாரணம்னு டாக்டருங்களே சொல்றாங்க, மூணு பேருக்கு பெருக்கிப் பாருங்க. அந்த நாள்ல எல்லாரும் ஒரே போர்வைக்குள்ள, நீங்க கதை வாசிங்க, உங்களுக்கும் தொண்டை கட்டினா பெரியவன் வாசிக்கட்டும். வீட்ல என்ன படிச்சாங்கன்னு அதிகாரிங்களுக்கு காட்ட வேண்டிய ஊர்ல இருந்தா ஒரு நோட்டுல தேதி போட்டு ஒரு வரி, ஒரு போட்டோ, அவ்ளோதான்.

இன்னொன்னு உங்களுக்காக. மதியம் குட்டி தூங்கற நேரத்துல மத்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல சத்தமில்லாம ஒரு மணி நேரம், நீங்களும் உங்க மூலைல, அந்த நேரத்துல பாத்திரம் கழுவாதீங்க. வீட்டுக்காரர பத்தி நீங்க எதுவும் எழுதல, சாயங்காலம் அந்த நிலா பாக்கற வேலைய யாராவது எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்.

ஸ்கூல் பத்தி கேட்டீங்க. ஸ்கூல்ல சேக்கறது தோல்வி இல்லம்மா, நல்ல டீச்சர் கெடைச்ச பிள்ளைங்க எத்தனையோ பேர் எனக்குத் தெரியும், உங்க உடம்பு தாங்கலன்னா தாராளமா சேருங்க. ஆனா நவம்பர் மாசம், மூணு வார சளிக்கு அப்புறம், ராத்திரி பதினோரு மணிக்கு இந்த முடிவ எடுக்காதீங்க. ஆறு வாரம் இந்தச் சின்ன நாள ஓட்டிப் பாருங்க, அப்பவும் காலைல எழும்போது இதே பாரம் இருந்தா யோசிக்காம சேத்துடுங்க, நான் உங்க பக்கம் தான்.

அதுக்கு முன்னாடி இன்னிக்கு ஒண்ணு செய்ங்க. அந்த ஒத்த இலை காஞ்சு சுருண்டு எங்கயாவது கெடக்கும், அவன் பத்திரமா வச்சிருப்பான்னு தான் எனக்கு தோணுது. பக்கத்துல உக்காந்து அது ஏன் எதுலயும் சேரலன்னு கேளுங்க, திருத்தாம கேளுங்க. என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா