உப்பு கொண்டுவந்த பையன்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். நாங்கள் பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். மாமனார் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. அதைச் சொல்லியே வகுப்பில் நாலு பையன்கள், "டேய் சிலோன், எப்போடா கப்பல் ஏறுவே?" என்று ஒரு வருஷமாக அவனைப் படுத்துகிறார்கள். ஸ்வெட்டரைப் பிடுங்கிக் குழாயடியில் நனைக்கிறார்கள். போன மாதம் மழையில் அட்டைப்பூச்சியைப் பிடித்து அவன் சட்டைக்குள் போட்டிருக்கிறார்கள். வகுப்பே சிரித்ததாம். ஒரே ஒரு பையன் மட்டும் சத்துணவுக் கூடத்துக்கு ஓடி, உப்பு வாங்கி வந்து போட்டானாம். வகுப்பாசிரியரிடம் சொன்னதற்கு, "பசங்க விளையாட்டும்மா" என்றார். "திருப்பி அடிடா" என்கிறார் வீட்டுக்காரர். ஞாயிறு ராத்திரி ஆனாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். டி.சி. வாங்கிவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத தாய், பந்தலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அட்டையைவிட அந்த ஸ்வெட்டர்தான் என்னை அதிகம் வருத்தியது. தேவாலா, பந்தலூர் மழையில் நனைந்த ஸ்வெட்டர், அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டாலும் காலைக்குள் காயாது. மறுநாளும் அந்த ஈரத்தோடுதான் பிள்ளை முதல் பீரியடில் உட்கார்ந்திருப்பான். வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியர் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் சிரிப்பு இருக்கும். இதில் உங்கள் மகன் எங்கே சிரித்தான்?

திருப்பி அடி என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதன் பின்னால் இருக்கும் வலி புரிகிறது. ஆனால் இது சண்டை இல்லை. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் ஓல்வியஸ் 1970களிலிருந்து பள்ளிகளில் இதை ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது சண்டைக் கணக்கில் வராது என்றார். நாலு பேர், ஒரு வருஷம், ஒரு பையன். அவன் ஒரு நாள் கை ஓங்கினால், அன்றைக்குத்தான் பள்ளி விழித்துக்கொண்டு அவனைத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிறுத்தும். இப்படி நிறையப் பார்த்துவிட்டேன்.

நான் கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பள்ளிகளில் இருபத்தாறு வருஷம் பாடம் எடுத்தவள். என் ஆரம்ப காலத்தில் இதே மாதிரி ஒரு புகார் வந்தது. இரண்டு பையன்களையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, "கை கொடுத்துக்கோங்க, இனிமே ஃப்ரெண்ட்ஸ்" என்றேன். கொடுத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், "மிஸ்கிட்ட சொல்லுவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அந்தப் பையன் நாலு நாள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடிபட்டவனையும் அடித்தவனையும் ஒரே அறையில் நிற்க வைத்தது என் தவறு. அன்றைக்கு அவன் எந்த பஸ்ஸில், யாரோடு வீட்டுக்குப் போவான் என்று நான் யோசிக்கவே இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். சாதியைச் சொல்லிக் கொடுமை செய்த சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிள்ளையை, வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. புகாரை வாங்கும் பள்ளி, அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்புக்கும் வழி செய்ய வேண்டும். அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் இந்தத் தடவை வாயால் சொல்லாதீர்கள். முதலில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், யார் செய்தது, யார் பார்த்துக்கொண்டிருந்தது. துருவித் துருவிக் கேட்க வேண்டாம், அவன் சொல்கிற அளவு போதும். அதை வைத்துத் தலைமையாசிரியருக்கு மனு எழுதி, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அரை நாள் சம்பளம் போகும், தெரியும். இருந்தாலும் இரண்டு பேருமாகப் போங்கள். உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை பற்றி மட்டும் பேசுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இதைப் பேசலாம், பேச வேண்டும். பள்ளி அசையவில்லை என்றால் 14417 என்ற கல்வித் துறை எண்ணும், குழந்தைகளுக்கான 1098ம் இருக்கின்றன. அவன் பேச்சில் "நான் இல்லாமப் போனா நல்லாருக்கும்" என்பது போல ஒரு வார்த்தை வந்தால் மட்டும், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

இனி, பள்ளி என்ன செய்ய வேண்டும்? அந்த நாலு பேருக்கும் டி.சி. கொடுத்தால் பிரச்சினை கூடலூருக்கோ சேரம்பாடிக்கோ பஸ் ஏறும், அவ்வளவுதான். அவர்களும் பதிமூன்று வயதுப் பிள்ளைகள். ஒவ்வொருவராகத் தனித்தனியாகக் கூப்பிட்டு, இது இன்றோடு நிற்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிடும்போதுதான் பிள்ளைகள் நம் பேச்சை நம்புவார்கள்.

அதைவிட முக்கியம், சிரித்த வகுப்பு. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற உளவியலாளர் 1990களில் வகுப்பறைகளை ஆராய்ந்தார். ஒரு பிள்ளையைச் சீண்டும் இடத்தில் கூட நின்று உதவுகிறவர்கள், சிரித்து ஏற்றிவிடுகிறவர்கள், ஒதுங்கிப் போகிறவர்கள், தடுக்கிறவர்கள் என்று ஏறக்குறைய வகுப்பு முழுதுக்குமே அதில் பங்கு இருந்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த கிவா என்ற திட்டத்தில், ஆசிரியர்கள் சீண்டியவர்களிடம் பேசுவதோடு நிற்பதில்லை. வகுப்பில் நல்ல மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, "இவனோடு கொஞ்சம் சேர்ந்து இரு" என்று கேட்கிறார்கள். செலவே இல்லாத வேலை. சிரிப்பு நின்றுவிட்டால், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு என்ன மிச்சம்?

சிலோன் என்ற பேச்சுக்கும் பதில் வகுப்பறையில்தான் இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் ஒரு பீரியட் ஒதுக்கட்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஏழைகள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கதை, 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானவர்களின் தலைவிதி எழுதப்பட்ட கதை, திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசே தேயிலை நட்ட கதை. டேன்டீ என்ற அரசுத் தோட்டங்கள் அப்படி வந்தவைதானே. அந்தப் பிள்ளைகள் குடிக்கிற டீயில்கூட உங்கள் மாமனார் தலைமுறையின் உழைப்பு இருக்கலாம். அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வரட்டும். மலப்புறம், மைசூர், கோயம்புத்தூர் என்று பலகை நிறைந்துவிடும். இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே அங்கே இருக்கிற பணியர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்குத் தலை நிமிர்ந்து உட்காருவார்கள். ஒன்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாடத்தில் உங்கள் மகனை எழுப்பி நிற்க வைக்க வேண்டாம்.

டி.சி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னதெல்லாம் செய்து, ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் ஞாயிறு ராத்திரி வயிறு வலித்தால், மகனிடம் கேட்டுவிட்டுத் தயங்காமல் மாற்றுங்கள். பிள்ளையைவிடப் பள்ளி பெரிதில்லை.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உப்பு கொண்டுவந்த அந்தப் பையனின் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. வகுப்பே சிரிக்கும்போது எழுந்து ஓடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மகனிடம் பெயரைக் கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு ரொட்டி சுட்டுக் கொடுங்கள். முடிந்தால் அவன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறட்டும்.