சிஸ்டம்சி ஹெடர் சிக்கல்கள்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கமிருந்து இம்முறை சிஸ்டம்சி (ஹார்ட்வேரை சி++-இல் மொடல் பண்ண உதவும் லைப்ரரி) குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹெடர், அதாவது இன்க்ளூட் பண்ணும் ஃபைல் பற்றியவை, அதனால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, 'சிஸ்டம்சி.எச்' போடுவதா, வெறும் 'சிஸ்டம்சி' போடுவதா? இரண்டிலும் ஓடுகிறதே. (உப்புவெளி)

ஓடும் தங்கச்சி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. '.எச்' உள்ளதைப் போட்டால் எஸ்சி_கோர், எஸ்சி_டிடி என்ற சிஸ்டம்சி நேம்ஸ்பேஸ்களின் (பெயர்களைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) பெயர்கள் எல்லாம், கூடவே சீஅவுட் மாதிரி ஸ்டாண்டர்ட் லைப்ரரிப் பெயர்கள் சிலவும், முன்னொட்டு இல்லாமலே உள்ளே வந்துவிடும். பழைய கோட் உடையக்கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்கள். ஒரே ஃபைலில் முடிகிற அசைன்மென்ட் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் உங்கள் ஹெடரை இன்னொருவர் இன்க்ளூட் பண்ணப்போகிறார் என்றால், அவர் கேட்காத அத்தனை பெயரும் அவர் ஃபைலுக்குள் போய் விழும், அதை அவரால் எடுக்கவும் முடியாது. ஆகவே ஹெடரில் வெறும் 'சிஸ்டம்சி', பெயருக்கு முன்னால் எஸ்சி_கோர்:: என்று முழுதாக எழுதுங்கள், யூஸிங் வரிகளை .சிபிபி ஃபைலோடு நிறுத்துங்கள்.

இன்க்ளூட் வரிகளை மேல் கீழாக மாற்றினால் எரர் வருகிறது. எந்த வரிசை சரி? (கிண்ணியா)

வரிசை மாறினால் உடைகிறது என்றாலே ஏதோ ஒரு ஹெடர் தனக்குத் தேவையானதைத் தான் இன்க்ளூட் பண்ணாமல், மேலே இருக்கிறவர் கொண்டுவந்ததை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிப்பது லேசு. உங்கள் மொடியூலின் பெயர் யூஆர்ட் என்றால், யூஆர்ட்.சிபிபி-யில் முதல் வரியாக, சிஸ்டம்சிக்கும் முன்னால், யூஆர்ட்.எச்-ஐப் போட்டு கொம்பைல் பண்ணுங்கள். எஸ்சி_இன் (சிஸ்டம்சியின் இன்புட் போர்ட்) எங்கே என்று கொம்பைலர் கத்தினால் யூஆர்ட்.எச்-க்குள்ளேயே சிஸ்டம்சி வரியைச் சேருங்கள். எல்லா மொடியூலுக்கும் இதையே வழக்கமாக்கினால், அப்புறம் வரிசையை நினைக்கவே தேவையில்லை. 'எல்லாம்.எச்' என்று ஒன்று வைத்து அதில் முழுவதையும் கொட்டுவது மட்டும் வேண்டாம், ஒரு போர்ட்டை மாற்றினாலும் புரொஜெக்ட் முழுக்கத் திரும்ப கொம்பைல் ஆகும்.

எஸ்சி_ஃபிக்ஸ்ட் (ஃபிக்ஸ்ட்-பாயின்ட் எண் டைப்) தெரியாது என்கிறது கொம்பைலர். இன்க்ளூட் சரியாகத்தான் இருக்கிறது. (நிலாவெளி)

சிஸ்டம்சி 2.3 வரிசையில் எஸ்சி_இன்க்ளூட்_எஃப்எக்ஸ் என்ற மேக்ரோவை இன்க்ளூடுக்கு முன்னமே டிஃபைன் பண்ண வேண்டும், பின்னால் போட்டுப் பயனில்லை. ஃபைல் ஃபைலாக எழுதாமல் மேக்ஃபைலில் -டி (கொம்பைலரிடம் மேக்ரோவை டிஃபைன் பண்ணச் சொல்லும் ஆப்ஷன்) கொடுத்துவிடுங்கள்.

டெம்ப்ளேட் மொடியூல் கொம்பைல் ஆகிறது, லிங்கில் விழுகிறது. (மூதூர்)

ஃபங்ஷன் உடலை .சிபிபி-யில் வைத்திருப்பீர்கள். டெம்ப்ளேட் என்றால் அதுவும் ஹெடருக்குள் வரட்டும். ஆனால் எரரில் எஸ்சி_ஏபிஐ_வெர்ஷன் என்று கண்டால் கதை வேறு: பெரும்பாலும் லைப்ரரியை ஒரு சி++ ஸ்டாண்டர்டிலும் உங்கள் கோடை இன்னொன்றிலும் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெயரின் கடைசியிலேயே 201103 அல்லது 201703 என்று நிற்கும், முதலாவது சி++11, மற்றது சி++17. உங்கள் கோட் கேட்கும் ஸ்டாண்டர்ட் அதுதான், லைப்ரரியையும் அதே ஸ்டாண்டர்டில் திரும்பக் கட்டுங்கள்.