கொலுசு பில்லும் டாலியும்: மேப்பிங் ஃபைல் பற்றி வாசகர் கேள்விகள்

சேலத்தில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களை எக்ஸ்எம்எல் (டேக் போட்டுத் தகவலை எழுதும் ஃபைல் வடிவம்) இன்னும் விடவில்லை. ஜிஎஸ்டி பக்கம் ஜேசன் என்ற வேறு வடிவம் வந்துவிட்டது. ஆனால் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேருக்குள் வவுச்சரை, அதாவது கணக்குப் பதிவை, தள்ளுவதென்றால் இன்றைக்கும் பெரும்பாலான கடைகளில் எக்ஸ்எம்எல்தான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஜாவா ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக்கும் விதியைப் புரோகிராம் கோடுக்கு வெளியே தனி ஃபைலில் வைப்பதைப் பற்றியவை. அந்த ஃபைல்தான் மேப்பிங் ஃபைல்.

செவ்வாய்பேட்டையிலிருந்து: கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் செய்து கொடுக்கிறேன் சார். ஒரே பில் டாலிக்கு ஒரு வடிவிலும், வடக்கே உள்ள மொத்த வியாபாரிக்கு வேறு வடிவிலும் போக வேண்டும். கிளாஸுக்குள்ளேயே எழுதும் குறிப்பான அனோட்டேஷனை ஒரு தடவைதானே போட முடியும்? அதனால் பில் கிளாஸை இரண்டாகக் காப்பி எடுத்துவிட்டேன். சரியா?

காப்பி வேண்டாம். இன்றைக்கு இரண்டு கிளாஸும் ஒன்று போல இருக்கும். நாளைக்குக் கூலிக் கணக்கு மாறும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பீர்கள்.

ஜாவாவையும் எக்ஸ்எம்எல்லையும் இணைக்கும் ஜாக்ஸ்பி (JAXB) தரத்தில் கிளாஸிலிருந்து எக்ஸ்எம்எல்லுக்குப் போகும் விதியை அனோட்டேஷனில்தான் எழுத முடியும். அதையே வெளி ஃபைலில் எழுதும் வசதியை எக்லிப்ஸ்லிங்க் குழுவின் ஜாக்ஸ்பி லைப்ரரியான மாக்ஸி (MOXy) தருகிறது. பில் கிளாஸ் ஒன்றே இருக்கட்டும். டாலிக்கு ஒரு மேப்பிங் ஃபைல், வியாபாரிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கொடுத்துத் தனித்தனி கான்டெக்ஸ்ட் (அந்த விதிகளைப் படித்து வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட்) உருவாக்குங்கள். ஃபைலின் மேல் டேகில் பேக்கேஜ் பெயர், உள்ளே கிளாஸ் பெயர், அதற்குள் ஒவ்வொரு ஃபீல்டும் என்ன பெயரில் எங்கே போக வேண்டும் என்பது. அவ்வளவுதான் அமைப்பு.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். தேதியை டாலி 20250114 என்று எட்டு இலக்கமாகக் கேட்கும். வியாபாரி 14-01-2025 என்று கேட்கலாம். விற்பனை வவுச்சரில் பார்ட்டியின் தொகை பற்று என்பதால் டாலிக்கு அது மைனஸ் குறியோடு போக வேண்டும். வியாபாரிக்கு மைனஸ் போனால் உடனே ஃபோன் வரும். இந்த இரண்டுக்கும் மதிப்பை வடிவம் மாற்றித் தரும் சின்ன அடாப்டர் கிளாஸ் எழுதி, டாலி மேப்பிங் ஃபைலில் அந்தந்த ஃபீல்டோடு கட்டிவிடுங்கள். வியாபாரி கேட்கும் தேதி வடிவுக்கும் அவர் ஃபைலில் அதே போல ஒன்று. பில் கிளாஸுக்கு டாலி என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம்.

அப்புறம், டேகுக்குள் டேக் என்ற ஆழமான அடுக்குகளுக்காக ரேப்பர் கிளாஸ் (அடுக்குக்காக மட்டும் சுற்றிப் போடும் கிளாஸ்) எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய கோடைப் பார்த்தால் தெரிகிறது. மாக்ஸியில் எக்ஸ்எம்எல் பாத் என்று ஒன்று உண்டு. வியாபாரி கேட்கும் 'பார்ட்டி' டேகுக்குள் 'முகவரி', அதற்குள் 'ஊர்' என்ற அடுக்கை, நடுவில் சாய்கோடு போட்டு ஒரே வரியில் எழுதிவிடலாம். உங்கள் கிளாஸில் 'ஊர்' சாதாரண ஃபீல்டாகவே இருக்கும்.

கான்டெக்ஸ்ட் உருவாக்குவது செலவான வேலை. புரோகிராம் தொடங்கும்போது இரண்டையும் ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல த்ரெட்கள் அவற்றைப் பகிரலாம். எக்ஸ்எம்எல்லை எழுதித் தரும் மார்ஷலரை மட்டும் பகிரக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள்.

அயோத்தியாபட்டணத்திலிருந்து: மேப்பிங் ஃபைலைக் கொடுத்தால் இந்த ப்ராபர்ட்டி சப்போர்ட் இல்லை என்று எரர் வருகிறது. மாக்ஸி ஜார் (லைப்ரரி ஃபைல்) சேர்த்துத்தான் இருக்கிறேன்.

ஜார் இருக்கிறது, ஆனால் ஓடுவது மாக்ஸி இல்லை. ஜாவா 8 போன்ற பழைய ஜாவாவோடு வரும் வேறு ஜாக்ஸ்பி ஓடுகிறது. உருவான கான்டெக்ஸ்டின் கிளாஸ் பெயரை ஒரு வரி பிரின்ட் செய்து பாருங்கள். அதில் எக்லிப்ஸ் என்ற சொல் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம்.

எந்த ஜாக்ஸ்பி ஓட வேண்டும் என்று சொல்லும் ப்ராபர்ட்டீஸ் ஃபைல் உங்கள் கிளாஸ்கள் இருக்கும் அதே பேக்கேஜில் இருக்க வேண்டும். பில்ட் செய்ய மேவன் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் அதை ஜாவா ஃபோல்டரில் வைத்துவிடுகிறார்கள். கோடில் கண்ணுக்குத் தெரிந்தாலும் பில்ட் ஆகும்போது அது ஜாருக்குள் போகாது. ரிசோர்சஸ் ஃபோல்டரில் அதே பேக்கேஜ் பாதையை உருவாக்கி அங்கே வையுங்கள். அல்லது மாக்ஸியின் கான்டெக்ஸ்ட் ஃபேக்டரியை நேரடியாகக் கூப்பிடுங்கள், அந்த ஃபைலே தேவைப்படாது.

ஆத்தூர் ரோட்டிலிருந்து: நான் மேப்பிங்கில் எழுதாத ஃபீல்டுகளும் எக்ஸ்எம்எல்லில் வருகின்றன. ஏன்?

இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். எழுதாமல் விட்டதை மாக்ஸி விலக்காது. பொதுவாக கெட்டர், செட்டர் (மதிப்பைப் படிக்கும், மாற்றும் மெத்தட்கள்) இருக்கும் எல்லாவற்றையும் அது தானாகவே எடுத்துக்கொள்ளும்.

சில வருஷம் முன்பு ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு வேலை செய்தபோது இது எனக்கே நடந்தது. கிழங்கு லாரி உள்ளே வந்ததும் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்ப்பார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. உள் ரிப்போர்ட்டுக்காக அந்தக் கொள்முதல் விலைக்கு லாட் கிளாஸில் கெட்டரும் செட்டரும் சேர்த்தேன். மறுநாள் ஜவ்வரிசி வாங்குகிறவருக்குப் போன ஃபைலில் அந்த விலை பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. ஆலைக்காரர் பேரம் பேசப் போன இடத்தில் எதிராளி கையில் அவருடைய அடக்க விலை. அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மேப்பிங் ஃபைலில் ஒவ்வொரு கிளாஸுக்கும் அக்சஸர் டைப்பை 'நன்' (NONE, எதையும் தானாக எடுக்காதே) என்று வையுங்கள். அதன் பிறகு நீங்கள் பெயர் சொன்னது மட்டும்தான் வெளியே போகும். கிளாஸில் பழைய அனோட்டேஷன்கள் மிச்சம் இருந்தால், மெட்டாடேட்டா கம்ப்ளீட் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஃபைலில் சொல்லாத இடங்களில் அனோட்டேஷன் தன் வேலையைக் காட்டும்.

ஐந்து ரோட்டிலிருந்து: ஃபீல்டு பெயரை மாற்றினேன். கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் அந்த டேகை மட்டும் காணோம்.

மேப்பிங் ஃபைலில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. கம்பைலருக்கு அந்த ஃபைலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெளி ஃபைலுக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். ஒரு மாதிரி பில்லை எக்ஸ்எம்எல் ஆக்கி, சரியென்று பார்த்து வைத்த ஃபைலோடு ஒப்பிடும் டெஸ்ட் ஒவ்வொரு மேப்பிங்குக்கும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இந்த முறையில் இறங்காதீர்கள் என்றே சொல்வேன்.

ஏற்காட்டிலிருந்து: காபித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்களின் பெயர்களைத் தமிழில் ஏற்றுகிறோம். எக்ஸ்எம்எல்லில் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான என்கோடிங்கை மேப்பிங்கில் எங்கே சொல்வது?

மேப்பிங்கில் கோளாறு இல்லை. ஃபைல் ரைட்டர் மூலம் எழுதுகிறீர்கள், இல்லையா? ஃபைலின் தலைப்பு யூடிஎஃப்-8 என்று சொல்லும், ரைட்டரோ விண்டோஸின் பழைய என்கோடிங்கில் எழுதும். மார்ஷலரிடம் அவுட்புட் ஸ்ட்ரீமைக் கொடுங்கள், பெயர்கள் முழுசாக வரும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 தான் இயல்பு, ஆனால் எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஜாவா 8 இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜங்ஷனிலிருந்து: ஜாவா 8-இலிருந்து 17-க்குப் போனதும் எல்லாம் உடைந்துவிட்டது.

ஜாவா 11-இலேயே ஜாக்ஸ்பியை ஜேடிகே என்ற ஜாவா தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி டிபென்டன்சியாக, அதாவது தனி லைப்ரரியாக, நீங்களே சேர்க்க வேண்டும். கோடைத் தொட விருப்பமில்லையென்றால் எக்லிப்ஸ்லிங்க் 2.7 வரிசையில் இருங்கள். 3.0 முதல் பேக்கேஜ் பெயர்கள் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறுகின்றன. இரண்டையும் ஒரே புராஜெக்டில் கலக்காதீர்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: எனக்கு ஒரே கஸ்டமர், ஒரே வடிவம். நானும் மாற வேண்டுமா?

வேண்டாம். கிளாஸும் உங்களுடையது, வடிவமும் ஒன்றே என்றால் அனோட்டேஷனே போதும். இரண்டாவது வடிவம் கேட்டு ஒருவர் வரும் நாளில் வெளி ஃபைலுக்குப் போனால் சரி.