படக்கதைப் புத்தகம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறதா?

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். மொத்தம் 32 பிள்ளைகள். பீரோவில் இருபதுக்கும் மேல் படக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பின்வரிசைக்குப் படமே தெரிவதில்லை. ‘கதையின் நீதி என்ன?’ என்று கேட்டால் எல்லாக் கதைக்கும் ஒரே பதில்தான் வருகிறது. வீட்டில் தெலுங்கு பேசும் சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. இந்தப் புத்தகங்களை வைத்து வகுப்பில் என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: முதலில், ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே புத்தகம் போதும். இந்த வயதுப் பிள்ளைகள் பிடித்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அந்தத் திரும்பக் கேட்டலில்தான் சொற்கள் மனதில் நிற்கும். நீதிக் கேள்வியையும் நிறுத்திவிடலாம். டீச்சர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று ஊகிக்கத்தான் அது பழக்குகிறது. ஆட்டைப் பற்றிய கதை என்றால், ‘ஆடு செஞ்சது உனக்குப் பிடிச்சுதா? ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வரும்.

ஒரு ஆட்டுக்குட்டி கடைத்தெருவில் கடை கடையாக நுழைந்து எதையாவது தின்றுவிட்டு ஓடுகிறது, ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஆடு நிற்கவில்லை, ஓடியது’ என்று முடிகிறது, இப்படி ஒரு புத்தகம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் எழுத்துப் பக்கமே போகாதீர்கள். அட்டையில் தொடங்கிப் படங்களை மட்டும் காட்டுங்கள். 32 பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் இது நடக்காது. பாதிப் பேர் தரையில் அரைவட்டமாக உட்காரட்டும், மீதிப் பேர் அந்த நேரத்தில் படம் வரையட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடியுங்கள். தாளைக் கீழ் மூலையில் பிடித்துத் திருப்பினால் கை படத்தை மறைக்காது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மெதுவாக நகர்த்திக் காட்டினால் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

‘இது என்ன?’ என்று கேட்டால் ‘ஆடு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘இங்க என்ன நடக்குது?’, ‘அடுத்து எந்தக் கடைக்குப் போகும்னு நினைக்கிறே?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், இதுதான் கஷ்டம். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட ஒரே நொடியில் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவதையும், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாவதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். பேசாத பிள்ளைகளும் அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

‘ஆடு வாயப்பயத்த துன்னுடுச்சு டீச்சர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம். ‘ஆமா, ஆடு ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் தின்னுடுச்சு. கடைக்காரர் முகத்தைப் பாரு!’ என்று அதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், பிள்ளையும் கூனிக் குறுகாது. திறந்த கேள்வி கேட்பது, பதிலை நீட்டிச் சொல்வது என்ற இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு முன்னேறியது என்பதை 1988-ல் வெளியிட்டார்கள். பின்னர் இது வகுப்பறைகளுக்கும் வந்தது.

தெலுங்கு பேசும் பிள்ளைகள் தெலுங்கிலேயே சொல்லட்டும். ‘மேக’ என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘ஆமா, மேக, ஆடு’ என்று இரண்டையும் சொல்லிவிட்டுப் போங்கள். தாய்மொழியில் கதை புரிந்த பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம் ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் வெளியிடுகிறது. தமிழ்ப் பிரதிக்கு ஒரு தெலுங்குப் பிரதி ஜோடியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் நாள்தான் வாசிப்பு. வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாசியுங்கள். ‘ஆடு நிற்கவில்லை’ என்று நீங்கள் நிறுத்தினால், ‘ஓடியது’ என்று வகுப்பே கத்தும். அந்த வரியைச் சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எல்லாரும் சேர்ந்து பார்த்து வாசிக்கும் பெரிய எழுத்துப் புத்தகங்களை நியூசிலாந்துக் கல்வியாளர் டான் ஹோல்டவே பரப்பியதற்குக் காரணம் இதுதான்: கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது தெரியாத பிள்ளையும் வாசகராகிவிடுகிறது. அப்புறம் சார்ட்டைச் சொல் சொல்லாக வெட்டிக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், அரும்பு நிலைப் பிள்ளைகள் ‘ஆடு’ என்ற சொல்லைப் பக்கங்களில் தேடலாம், மொட்டு நிலையினர் வரியை அடுக்கலாம், மலர் நிலையினர் புது வரி எழுதலாம். ‘நிற்கவில்லை’ போன்ற சொல் இன்னும் பாடத்தில் வரவில்லையே என்று தயங்க வேண்டாம். 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் புத்தகம் என்றால் ஒன்றாம் வகுப்பு போய்விடும்.

அடுத்த நாள் நடிப்பு. பேசக் கூச்சப்படும் பிள்ளைக்குக் கடைப் பலகையைப் பிடிக்கும் வேலை கொடுங்கள். முதலில் எந்தக் கடை, மூன்றாவது எந்தக் கடை என்று கேட்டால் கணக்கும் ஆகிவிட்டது.

நான் மிகவும் மதிக்கிற செயல்பாடு கடைசியில் வருவது. ‘ஆடு எங்க தெருவுக்கு வந்தா?’ என்று ஒரு தாளில் ஒவ்வொருவரும் வரையட்டும். மாவு மிஷின், இஸ்திரி வண்டி, மீன் கடை, அண்ணாச்சி கடை எல்லாம் வரும். பிள்ளை சொல்லும் ஒரு வரியை, சொன்னபடியே, நீங்கள் கீழே எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே எழுதட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. தாள்களை நூலால் தைத்தால் வகுப்பின் சொந்தப் புத்தகம் தயார். தான் சொன்ன வரி என்பதால் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் அதை வாசித்துக் காட்டும். இதற்கு நேரமில்லை என்று தோன்றினால் வேறு எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள்.

புத்தகத்தைப் பார்த்து எழுதும் வேலை மட்டும் வேண்டாம். படக்கதையும் இன்னொரு காப்பி நோட்டாகிவிடும்.

புத்தகங்களைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அட்டை தெரியும், எடுக்கத் தோன்றும். கிழியத்தான் செய்யும். ஸ்டாக் கணக்கு பற்றித் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஒரு செல்லோ டேப்பை வகுப்பிலேயே வையுங்கள்.

புதிதாக வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் பதிவிறக்கி அச்சிடலாம், ஸ்மார்ட் போர்டு இருந்தால் பெரிதாகவும் காட்டலாம், பின்வரிசைப் பிரச்சினையும் தீரும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு, புத்தகக் காட்சியில் வாங்குவது நல்லது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலையும் குறைவு.

மதிப்பெண் போட வேண்டாம். தினமும் இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: புத்தகத்தை நேராகப் பிடிக்கிறதா, படத்தைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் சொல்கிறதா, அடுத்தது என்ன என்று ஊகிக்கிறதா. உங்கள் இருபதில் முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம், எழுத்தில் சொல்லாத ஏதோ ஒன்று படத்தில், இவை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.