பெட்டிக்குள் கிடக்கும் மனு

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் படிப்புச் செலவுக்காக வேலை தேடுவதாகவும், உதவித்தொகை மனுவை வாங்கி வந்து இரண்டு வாரமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற கூச்சம். எனக்குப் புரிகிறது. ஆனால் தகுதி இருந்தும் இந்தக் கூச்சத்தாலேயே மனுப் போடாமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நாளைக்கே கொடுத்துவிடுங்கள். ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால், எந்தத் தாள் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். இது அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. இன்னொன்றும் கேளுங்கள்: எனக்கு வேலை கிடைத்தால் இந்தத் தொகை ஒரேயடியாக நின்றுவிடுமா, சம்பளம் ஏற ஏறக் குறையுமா? இது தெரியாமல் வேலையில் சேர்ந்து, கையில் வருவது முன்பைவிடக் குறைந்துபோனவர்கள் உண்டு.

வேலைக்குப் போகாத ஒன்பது ஆண்டு இடைவெளியை வேலை விண்ணப்பத்தில் எப்படி மறைப்பது என்கிறீர்கள். மறைக்கவே வேண்டாம். வீட்டுப் பராமரிப்புப் பொறுப்பால் வேலைக்குப் போக முடியாத பெண்கள் உலகில் 70 கோடிக்கும் மேல் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் கணக்குச் சொன்னது. "குடும்ப முதியவரின் பராமரிப்பு" என்று ஆண்டுகளோடு ஒரே வரியில் எழுதுங்கள். படுக்கையில் இருந்த மாமியாருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்ததையும், மருத்துவச் செலவுக்குக் கணக்கு எழுதி வைத்ததையும் அதன் கீழே சேருங்கள். அந்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது என்றீர்களே, நேர்காணலுக்கு அதையும் எடுத்துப் போங்கள்.

பிள்ளையைப் பற்றி மட்டும் நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தகுதி சமமாக இருந்தும் தாய் என்று தெரிந்த விண்ணப்பதாரருக்குக் குறைந்த சம்பளமே பரிந்துரைக்கப்பட்டது. தந்தையருக்கு அந்தக் குறைப்பு இல்லை. அநியாயம்தான். கேட்டால், "பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது" என்று சொல்லி, பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

வேலை விண்ணப்பத்தில் கணவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அழைப்பு வரும் நேரத்தில் அவர் வேலையில் இருப்பார். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். பழைய கைப்பேசியானாலும் சரி, உங்கள் கையில் இருக்கும் ஓர் எண்ணை இந்த வாரமே வாங்குங்கள். பிறகு விண்ணப்பத்தைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.