சிங்கப்பூரில் அரசாங்கம் வீடுகளுக்குச் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டு கொடுப்பதற்குப் பதில் பொருள் சேவை வரியைக் குறைக்கலாமே?

நாடாளுமன்ற வாதமும் இதுதான். வரி 2023இல் 7லிருந்து 8 விழுக்காடானது, 2024இல் 9 ஆனது. விலைவாசி ஏறும்போது வரியையும் ஏற்றுவதா என்று எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி எதிர்த்தது. வரியைக் குறைத்தால் நிறைய செலவழிக்கும் வசதியானவர்களுக்கே அதிக லாபம் என்பது அரசாங்கத்தின் பதில்.

சரி, கணக்குப் போடுவோம். வரிக்கு முன் மாதம் 1,000 வெள்ளிக்குப் பொருள் வாங்கும் வீட்டுக்கு இந்த 2 விழுக்காடு ஆண்டுக்கு 240 வெள்ளி. 2025 மே மாதம் வீட்டுக்கு 500 வெள்ளி பற்றுச்சீட்டு கிடைத்தது. பாதியைப் பேரங்காடியில் செலவழிக்கலாம், மீதி உணவங்காடி, அக்கம்பக்கக் கடைகளுக்கு. தேக்கா சந்தையில் மீன் விற்பவருக்கும் வியாபாரம் நடக்கிறது. அது எனக்குப் பிடித்த அம்சம்.

ஆனால் அந்தப் பற்றுச்சீட்டு 2025 டிசம்பரோடு காலாவதி, வரி நிரந்தரம். வருமானம் குறைந்தவர்களுக்கு நிரந்தர உதவித் திட்டம் தனியாக இருக்கிறது. அதில் சேராத நடுத்தரக் குடும்பம்தான் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது.