எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளால் சூரிய மின் கருவிகளைப் பழுதுபார்க்க முடியுமா?

முடியும். ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில், சமூகப் பணியாளர் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் என்ற தொண்டு நிறுவனம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்துகூடப் பெண்கள் வந்து ஆறு மாதம் தங்கிப் பயின்றிருக்கிறார்கள். பயிற்றுநரோடு பேசப் பொதுவான மொழிகூடக் கிடையாது. சைகையும் செய்முறையும்தான் பாடம். ரெசிஸ்டர் என்ற சிறு மின்பாகத்தின் மேலுள்ள வண்ணக் கோடுகளை வைத்து எந்தப் பாகம் எங்கே என்று நினைவில் நிறுத்தி, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் பலகையில் பற்றவைக்கிறார்கள்.

ஏன் பாட்டிகள்? ஆண்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்பது ராயின் வாதம். கொஞ்சம் கடுமையான பேச்சுதான். ஆனாலும் என்னால் மறுக்க முடியவில்லை. பேரன் பேத்தி இருக்கும் ஊரை விட்டுப் பாட்டி எங்கே போகப்போகிறார்?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பண ஏற்பாடு. சூரியத் தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். ஈய-அமில பேட்டரியோ சில ஆண்டுகளிலேயே செத்துவிடும். இலவசமாக விளக்கு வந்த ஊரில் புது பேட்டரிக்குக் காசு யார் தருவது? அதனால்தான் திலோனியா முறையில், மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் முன்பு செலவான அளவை ஒட்டி ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணம் செலுத்துகிறது. தொகையை முடிவுசெய்வது கிராமக் குழு. பயிற்சி முடித்து ஊர் திரும்பி விளக்குகளைப் பராமரிக்கும் பாட்டியின் சம்பளமும் உதிரிபாகச் செலவும் அதிலிருந்துதான்.